தொட்டியடி மலைத்தேனீக்கு மாடிப் பெட்டியா பொறுப்பு?

அந்த நோட்டீஸை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எந்தத் தெரு, எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. தெருவில் ஆட்களைத் தேனீ கொட்டியதும், மாடியில் தேன்பெட்டி வைத்திருந்தவருக்கு வேலூர்ப் பக்கத்து உள்ளாட்சி ஒன்று ஒட்டியது, அது போதும். “பொதுமக்களைக் கொட்டும் தேனீக்களைக் குடியிருப்பில் வளர்ப்பதால் பெட்டிகளை உடனே அகற்றவும்” என்ற அந்த ஒரு வரிதான் மூன்று நாளாக உறுத்துகிறது.

ஐயா, கொட்டியது வளர்த்த தேனீ இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கிய மலைத்தேனீ.

இரண்டும் வேறு. மலைத்தேனீ திறந்த வெளியில், தொட்டியடியிலோ சன்ஷேடிலோ பாலத்தடியிலோ, ஒற்றை அடையாகக் கட்டும். பல்லாயிரம் ஈக்கள் அதன்மேல் போர்வை மாதிரி மூடியிருக்கும். கல், புகை, பட்டாசு, பருந்து, எது சீண்டினாலும் கூட்டமாக இறங்கித் துரத்தும். அது பெட்டியில் வைத்து வளர்க்கிற ஈ இல்லை. மாடியில் இருந்தது அடுக்குத் தேனீ. இருட்டுப் பொந்தில் அடைகளை வரிசையாக அடுக்கிக் கட்டுவது. அதனால்தான் நியூட்டன் பெட்டி என்கிற சிறிய தேன்பெட்டிக்குள், அடை கட்டுவதற்கான மரச்சட்டங்களில் ஒழுங்காகக் குடியிருக்கிறது. இரண்டு ஈக்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். அதிகாரிக்கு மட்டும் எல்லாம் “தேனீ”. தெருநாய் கடித்ததற்கு வீட்டுப் பூனையைப் பிடித்துப் போகிற கணக்கு!

“அப்படியென்றால் கட்டுப்பாடே வேண்டாமா?” என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். வேண்டும். ஒழுங்காகப் பெட்டி வைக்கிறவன்தான் அதை முதலில் கேட்பான். பெட்டி வாசல் பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பார்த்திருந்தால் தவறு பெட்டிக்காரர் மீதுதான். வாசலுக்கு முன்னால் நான்கைந்து அடி விட்டு, ஆறடி உயரத்துக்குப் பச்சை வலையோ தட்டியோ கட்டினால், ஈக்கள் எழும்பி ஆள் தலைக்கு மேலே பறந்துவிடும். வீட்டுக்கு இத்தனை பெட்டி என்று வரம்பு வையுங்கள், பதிவு செய்யுங்கள். நியூயார்க் நகரமே 2010-இல் தடையை நீக்கிவிட்டுப் பதிவுமுறைக்கு வந்தது.

எல்லாவற்றையும்விடத் தண்ணீர். நம் ஊர் மே மாத வெயிலில் தேன் தேடுவதைவிடப் பெட்டியைக் குளிரவைக்கத் தண்ணீர் சுமப்பதே ஈக்குப் பெரிய வேலை. பெட்டி வந்த முதல் நாளே பத்தடிக்குள் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, கால் ஊன்றக் கூழாங்கல் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து வைத்தால் பயனில்லை. அதற்குள் பக்கத்து வீட்டுக் குழாயடி பழகிவிடும். பழகிய இடத்தை ஈ லேசில் விடாது. சண்டைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மீதி, சர்க்கரைப்பாகைத் திறந்த கிண்ணத்தில் வைப்பதால். ஊர் ஈயெல்லாம் திரண்டு ஒன்றையொன்று கொள்ளையடிக்கும், அந்த வெறியில் எதிர்ப்பட்டவரையும் கொட்டும். பாகை அந்தி சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளே வைக்க வேண்டும்.

பூப்பெருக்கு மாதங்களில் வாரம் ஒருமுறை சட்டங்களை எடுத்துப் பார்க்காதவர் குடியிருப்பில் பெட்டி வைக்கவே கூடாது. பார்க்காமல் விட்டால், புது ராணி வளரும் அறை மூடப்பட்டதும் கூட்டம் பிரிந்து எதிர்வீட்டு முருங்கையில் தொங்கும். தொங்கும்போது அது சாது. காக்கப் புழுவும் இல்லை, தேனும் இல்லை, வயிறு நிறையக் குடித்துவிட்டு வந்திருக்கும். ஆனால் அந்த வீட்டம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

ஒவ்வாமை உள்ளவர் பக்கத்தில் இருந்தால் பெட்டி வேண்டாம். இதில் வாதமே இல்லை.

“ராத்திரி ட்யூப்லைட்டுக்கு வருதே?” பெரும்பாலும் அதுவும் மலைத்தேனீதான். எத்தனை தடவை சொல்வது?

நம் தரப்பிலும் சிலர் “தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனிதன் அழிவான், ஐன்ஸ்டீன் சொன்னார்” என்று பரப்புகிறீர்கள். அவர் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. நம் வேலூர் இலவம்பாடி முள்கத்தரிக்குக்கூடப் பெட்டித் தேனீயால் பெரிய உதவி இல்லை. அந்தப் பூவை அதிரவைத்தால்தான் மகரந்தம் கொட்டும், அது கருவண்டின் வேலை. பெட்டித் தேனீ மேய்வது தென்னை, புங்கன், வேம்பு, புளி என்று உண்மையைச் சொன்னாலே போதுமே.

கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-இல் தேன் திட்டம் தொடங்கிப் பெட்டி கொடுக்கிறது. மே 20 வந்தால் உலகத் தேனீ நாள் வாழ்த்துகளும் வரும். கொடுப்பது ஒரு கை, பிடுங்குவது இன்னொரு கை. நோட்டீஸுக்குக் கைதட்டி கமெண்ட் போட்டவர்களில் சிலர் போன தைப்பொங்கலுக்கு “கலப்படமில்லாத தேன் அரைக்கிலோ கிடைக்குமா சார்” என்று கேட்டவர்கள். இருக்கட்டும்.

பெட்டியை எடுத்தே ஆகவேண்டுமென்றால் இதையாவது செய்யுங்கள். பகலில் தூக்காதீர்கள். மேயப்போன ஈக்கள் திரும்பி வந்து, வீடில்லாமல் அதே மாடியைச் சுற்றும். இருட்டிய பிறகு வாசலைக் கம்பிவலையால் அடையுங்கள்; துணி வைத்து அடைத்தால் உள்ளே புழுங்கிச் சாகும். பெட்டியின் அடுக்குகள் நகராதபடி கயிற்றால் இறுக்கி, சட்டங்கள் வண்டி போகும் திசைக்கு நீளவாக்கில் இருக்கும்படி ஏற்றுங்கள். குறுக்கே வைத்தால் குலுங்கலில் அடைகள் ஒன்றோடொன்று மோதி ராணி நசுங்கும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். அடுத்த தெருவில் இறக்கினால் விடிந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தொட்டியடி மலைத்தேனீ இன்னமும் அங்கேதான் தொங்குகிறது. அதற்கு யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.