அந்தக் கடைசிப் பத்தி

சனிக்கிழமை விழாவில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு வாட்ஸப்பில் மூன்று விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் விரிவாகச் சொல்லப் போவதில்லை. ஃபூட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாம் வில்ஸைப் பற்றி என் மகள் பேசினாள். கடைசிப் பத்திக்கு வந்தபோது மைக் நின்றது. நேரமாகிவிட்டதாம். அடுத்து ஏறிய பையன் எட்டு நிமிடம் பாடினான். நன்றாகவே பாடினான், அது வேறு விஷயம்.

அப்புறம் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "பிள்ளைங்க மேடையில குடி, தற்கொலை எல்லாம் எதுக்குண்ணா? நல்லதை மட்டும் சொல்லலாமே" என்றார்.

சரி, நல்லதை மட்டும் சொல்லிப் பார்ப்போம். வில்ஸ் 1835இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். மேற்கு விக்டோரியாவில் அப்பாவின் ஆட்டுப் பண்ணையில், ஜாப் வுரூங் பூர்வகுடிப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்கள் மொழியைப் பேசி வளர்ந்தார். 14 வயதில் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே கிரிக்கெட் கேப்டன். திரும்பி வந்து 1858 ஜூலை 10இல் பத்திரிகையில் ஒரு கடிதம்: குளிர்காலத்தில் கிரிக்கெட்காரர்கள் சோம்பிக் கிடக்க வேண்டாம், ஒரு கால்பந்துக் கழகம் தொடங்குங்கள். அடுத்த மாதமே இரண்டு பள்ளிகளுக்கு ஆட்டம், அணிக்கு 40 பேர். நடுவர்களில் ஒருவர் வில்ஸ். 1859 மே மாதம் அவரும் இன்னும் சிலரும் கூடி ஃபூட்டிக்குப் பத்து விதிகள் எழுதினார்கள். கூடிய இடம் ஒரு மதுக்கடை. மன்னிக்கவும், அதையும் வெட்ட வேண்டுமோ?

நல்லது இத்தோடு முடிந்துவிடவில்லை. 1866 பாக்ஸிங் டே, அதாவது டிசம்பர் 26 அன்று, பூர்வகுடி கிரிக்கெட் அணியைப் பயிற்றுவித்து, அதற்குத் தலைமை தாங்கி மெல்போர்ன் மைதானத்தில் இறங்கினார். ஆகா, கைதட்டலாம். ஆனால் அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1861இல், குவீன்ஸ்லாந்தில் பூர்வகுடிகள் தாக்கியதில் அவர் அப்பாவோடு சேர்த்து 19 பேர் செத்தார்கள். சாமான் வாங்கப் போயிருந்ததால் இவர் பிழைத்தார். அதற்குப் பழிவாங்க வெள்ளையர்கள் கொன்ற பூர்வகுடிகள் பல மடங்கு. 1861ஐ வெட்டினால் 1866 வெறும் ஸ்கோர் கார்டு. இதைத்தான் நான் சனிக்கிழமையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்: பாதி ஆளைச் சொல்லாதீர்கள்.

"அவரே பழிவாங்கலில் கலந்துகொண்டதாக 1895 சிகாகோ செய்தித்தாளில் இருக்கிறதே" என்று ஒரு நண்பர் இணைப்பு அனுப்பியிருக்கிறார். இருக்கிறது. எழுதியவர் பெயரில்லாத கட்டுரை, ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓடுகிறது. உண்மையாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லைதான். பிடிக்கவில்லை என்று நான் மைக்கை அணைக்கவில்லையே.

"நமக்கெதுக்கு வெள்ளைக்காரன் கதை?" என்றும் கேட்கிறார்கள். செப்டம்பரில் ஃபூட்டி இறுதிச் சுற்று வந்தால் தங்கள் அணியின் கறுப்பு வெள்ளை மப்ளரைச் சுற்றிக்கொண்டு தொண்டை கட்டக் கத்துகிறவர்கள் கேட்கிறார்கள். மைதானத்துக்கு வெளியே நிற்கும் வில்ஸ் சிலையடியில் செல்ஃபி எடுத்துப் போட்டதற்கு நானே லைக் போட்டிருக்கிறேன்.

குடிகாரர் என்பதுதானே உங்கள் பிரச்சினை? ஆமாம், குடித்தார். அப்பா போன பிறகு குடி கூடிக்கொண்டே போனது. "ஃபூட்டியின் தந்தை" என்ற பட்டம் பல காலம் அவருடைய உறவினர் ஹாரிசனுக்கே இருந்தது. ஹாரிசன் ஒழுங்கானவர், நீண்ட காலம் வாழ்ந்தவர், மேடைக்கு ஏற்றவர்.

வில்ஸ் இறந்த பிறகு, "அப்படி ஒரு மகன் எனக்கு இல்லை" என்று அவர் அம்மா பத்திரிகைக்காரரிடம் சொன்னதாக ஒரு தகவல் உண்டு. என் பாட்டி அதையே ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவரிடம் சொன்னாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஆறு என்றாள். ஏழாவது ஆள், என் சித்தப்பா, திண்ணையில் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார். தூங்கவில்லை. துண்டுக்கடியில் கண் திறந்திருந்தது எனக்குத் தெரிந்தது, எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா வாலிபால் சர்வீஸ் போட்டால் எதிர்ப்பக்கத்து ஆட்கள் இரண்டடி பின்னால் போய் நிற்பார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் படம் இன்றைக்கும் இல்லை. கேட்டால், "நல்லதைப் பேசுப்பா" என்பார்கள்.

நான் சம்பந்தமில்லாமல் பேசுவதாக எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். பத்து வயதுப் பெண் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது. காரில் வரும்போது, "நான் தப்பா எதாவது சொல்லிட்டேனாப்பா?" என்று கேட்டாள். அதற்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லிவிடுங்கள், மற்றதை விட்டுவிடுகிறேன்.

நேரமில்லாமல் போன பத்தி இதுதான். அவள் எழுதியபடியே போடுகிறேன்:

"டாம் வில்ஸ் 1880 மே 2ஆம் தேதி 44 வயதில் இறந்தார். அவர் மனது மிகவும் உடம்பு சரியில்லாமல் இருந்தது. அவரே தன் உயிரை எடுத்துக்கொண்டார். மெல்போர்ன் ஹைடல்பர்க்கில் புதைத்தபோது ஆறு பேர்தான் வந்தார்கள். அம்மா வரவில்லை. நூறு வருஷம் அங்கே பெயர் எழுதின கல் இல்லை. 1980இல் வைத்தார்கள். நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். கல் மேல் பறவை எச்சம் இருந்தது. என் பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணியை ஊற்றித் துடைத்தோம். நன்றி, வணக்கம்."