"இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தவருக்கு

புதன்கிழமை மீட்டிங்கைப் பற்றி எழுதியதற்கு, "சின்ன விஷயத்தைப் பெரிசாக்குகிறீர்கள்" என்று மூன்று பேர் தனியாகச் செய்தி அனுப்பிவிட்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம் ஆன பெண் ஒரு சந்தேகம் கேட்டார். "இதுகூடத் தெரியாதா?" என்று நம் டீமில் ஒருவர் சிரிக்க, கூடவே பத்துப் பேர் சிரித்தார்கள். அப்புறம் மீட்டிங் முடியும்வரை அந்தப் பெண் மைக்கை ஆன் செய்யவே இல்லை.

வேலையில் கற்றுக்கொள்வது "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வதில்தான் தொடங்குகிறது. அப்படிச் சொன்னவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுநாள் ஆன்லைன் கோர்ஸ் லிங்க்கை அனுப்பி "எல்லோரும் முடித்துவிடுங்கள்" என்றால், யார் என்னத்தைக் கற்பது?

"கூகுளில் தேடியிருக்கலாமே" என்கிறார்கள். அந்தப் பெண் கேட்டது, ஒரே பில் நம் டீமில் ஏன் இரண்டு பேரிடம் ஒப்புதலுக்குப் போகிறது என்று. அது கூகுளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. சிரித்தவர்களும் விடை சொல்லவில்லை.

என் முதல் வேலையில் என்னைப் பார்த்தும் இப்படிச் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்து எக்செலில் ஒரு சந்தேகம் வந்தது. கேட்க வாய் வரவில்லை. ஃபில்டர் போட்டுச் சில வரிகளை மறைத்திருந்த ஷீட்டில் ஒரு நெடுவரிசையை அப்படியே ஒட்டினேன். மறைந்திருந்த வரிகளிலும் அது போய் விழுந்து, பழைய எண்களை அழித்துவிட்டது. தப்பான ரிப்போர்ட் வாடிக்கையாளர்வரை போனது. ஒரு நிமிடத்தில் கேட்டுத் தெரிந்திருக்க வேண்டியது. அன்று இரவு நான் தூங்கவில்லை.

ஹார்வர்ட் பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயப்படாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். நம் மீட்டிங்கில் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டால் எரிச்சல் வரும்தான், சரி. இவர் கேட்டது முதல் தடவை.

"நாங்களும் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டோம்" என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டு வாங்கி, அவமானப்பட்டு, வேலையை விட்டே போனவர்கள் இதைச் சொல்ல இங்கே இல்லையே! நீங்கள் தாங்கிக்கொண்டீர்கள் என்பதற்காக அடுத்தவரும் தாங்க வேண்டுமா?

அன்று சிரித்தவரோடு ஆறு வருடமாக வேலை செய்கிறேன். "தெரியவில்லை" என்று அவர் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. புது மென்பொருள் வந்து எத்தனை மாதம் ஆகிறது, இன்னும் பழைய ஷீட்டில்தான் கணக்குப் போடுகிறார். யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பேன், சத்தியமாகச் சிரித்திருக்க மாட்டேன்.

அந்தப் பெண் நேற்று எனக்குத் தனியாக மூன்று சந்தேகங்கள் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு "ஸாரி".