ஆரஞ்சு நிறத்தில் இல்லாத ஆப்ரிகாட்

போன வாரம் சென்னையில் ஓர் உலர்பழக் கடையில் சின்ன வாக்குவாதம். கொட்டையோடு காய்ந்த, பழுப்பு நிற ஆப்ரிகாட் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது பழைய சரக்கு சார். இதைப் பாருங்கள்" என்று ஆரஞ்சு நிறத்தில் பளபளத்த டப்பா ஒன்றை நீட்டினார். திருப்பிப் பார்த்தேன். துருக்கியில் விளைந்தது. சேர்மானப் பட்டியலில் 220 என்ற எண். கந்தக டை ஆக்சைடு. அந்தப் புகை காட்டியதால்தான் அந்த நிறம். வெறும் வெயிலில் காய்ந்த ஆப்ரிகாட் பழுப்பாகத்தான் போகும். பழைய சரக்கு இல்லை ஐயா, அதுதான் சரக்கு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று வீட்டில் கேட்டார்கள். அதற்குத்தான் இந்த நீண்ட பதிவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம், லடாக்கில் லேவுக்கு மேற்கே சிந்து நதியோரமாக இறங்கும் சாம் பகுதியில் ஒரு கிராமத்து வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். மொட்டை மாடி முழுக்கப் பழம். சுவரோரப் பாறைகளின் மேலும் பழம். கால் வைக்க இடமில்லை. வீட்டுக்காரம்மாவை எல்லோரும் அமாலே என்று கூப்பிட்டார்கள். அமா என்றால் அம்மா. 'லே' நம்முடைய 'ங்க' மாதிரி மரியாதைக்கு. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தி மட்டுமே.

அவர் ஒரு பழத்தைப் பிட்டுக் கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை. நான் அதுவரை பார்த்த ஆப்ரிகாட் கொட்டையெல்லாம் பழுப்பு. "ரக்சே கார்ப்போ" என்றார். ரக்சே என்றால் கொட்டை, கார்ப்போ என்றால் வெள்ளை. அவ்வளவுதான் பெயர். பழம் தேன் மாதிரி இனித்தது. கொட்டையைக் கல்லில் வைத்துத் தட்டி, உள்ளே இருந்த பருப்பையும் கொடுத்தார். அதுவும் இனிப்பு, குட்டி பாதாம் போல. மறுநாள் பழுத்துக் குழைந்துவிடும் பழம் அது, லாரி ஏறி வெகுதூரம் வராது. உலர்த்துவதற்கென்று ஹல்மன் என்ற இன்னொரு ரகம் வைத்திருந்தார்கள். கொட்டையோடு காய்ந்ததை ஃபாட்டிங் என்கிறார்கள். வாயில் போட்டுச் சதையைச் சப்பி முடித்தபின் கொட்டையை உடைத்துப் பருப்பைத் தின்னலாம். ஒரு பழத்தில் இரண்டு தீனி. ஐதராபாத்தில் குபானி கா மீட்டா என்ற ஆப்ரிகாட் இனிப்பைச் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பழுப்புப் பழமும் மேலே தூவிய பருப்பும் நினைவிருக்கும். கொட்டையை எடுத்துவிட்டு விற்கும் ஆரஞ்சு டப்பாவில் பாதி உணவு ஏற்கெனவே காணாமல் போயிருக்கிறது.

தோட்டத்தின் ஓரத்தில் இன்னொரு பெரிய மரம் நின்றது. அதன் பருப்பைக் கேட்டதற்கு அமாலே கையை ஆட்டி மறுத்தார். கன்டே, அதாவது கசப்பு. (கசப்புப் பருப்பில் சயனைடை உண்டாக்கும் அமிக்டலின் இருக்கிறது. "இயற்கை மருந்து" என்று யாராவது விற்றால் வாங்கித் தின்று வைக்காதீர்கள்.) அந்தப் பருப்பை ஆட்டி எண்ணெய் எடுக்கிறார்கள். தலைக்கும் மூட்டு வலிக்கும் விளக்குக்கும் அதுதான்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். பாரம்பரிய ரகத்தைக் காப்பது என்றதும் நமக்கு நெல் ஜெயராமன்தான் நினைவுக்கு வருவார். 174 நெல் ரகங்களை மீட்டார். ஒரு படி விதை கிடைத்தால் போதும், விதைத்து, அறுத்து, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆப்ரிகாட்டுக்கு அந்த வழி இல்லை. பங்கனபள்ளிக் கொட்டையை நட்டால் பங்கனபள்ளி வராது என்பது நமக்குத் தெரியும். இங்கும் அதே கதை. ரக்சே கார்ப்போவின் வெள்ளைக் கொட்டையை ஊன்றினால் முளைப்பது இன்னொரு மரம், என்ன பழம் தரும் என்று யாருக்கும் தெரியாது. அதே ரகம் வேண்டுமென்றால் அந்த மரத்திலிருந்தே பென்சில் கனத்துக் குச்சியை வெட்டி, வேர்க்கன்றின் (கொட்டையிலிருந்து முளைத்து, ஒட்டைத் தாங்கும் கன்று) தண்டைச் சீவி, இரண்டு பட்டைகளும் பொருந்துமாறு செருகி இறுகக் கட்ட வேண்டும். இன்று நிற்கும் ஒவ்வொரு ரக்சே கார்ப்போவும் ஒரு பழைய மரத்தின் துண்டு. ஒரு தலைமுறை ஒட்டுக்கட்டாமல் விட்டால் போதும், நின்ற மரங்கள் பட்டதோடு ரகமும் போய்விடும். பானையில் போட்டு மூடி வைத்து, பேரன் வந்து தேடுவதற்கு எதுவும் மிஞ்சாது.

2022-இல் ரக்சே கார்ப்போவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, லடாக்குக்குக் கிடைத்த முதல் குறியீடு. மகிழ்ச்சிதான். ஆனால் எனக்கு உறுத்துவதும் அங்கேதான். ஒரு ரகத்துக்குப் பெயரும் விலையும் வந்ததும் மற்ற மரங்களின் தலையை வெட்டி எல்லாவற்றிலும் அதையே ஒட்டத் தோன்றும். விவசாயியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலும் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது. ஆனால் மத்திய ஆசிய வழி வந்த ஆப்ரிகாட்டுகள் பெரும்பாலும் தம் மகரந்தத்தால் தாமே காய்க்காதவை. பக்கத்தில் வேறு ரகம் பூத்தால்தான் காய் பிடிக்கும். அந்தக் கசப்பு மரம் எண்ணெய்க்கு மட்டுமா நிற்கிறது? இனிப்பு ரகங்களை ஒட்டுவதற்கு வேர்க்கன்று தருவதும் அதன் கசப்புக் கொட்டைதான். இமாச்சலத்துக்காரர்கள் இதே கசப்புக் காட்டு ஆப்ரிகாட்டைச் சுல்லி என்று அழைத்து, அதன் எண்ணெய்க்கே புவிசார் குறியீடு வாங்கிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

ஒரே ரகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஆரஞ்சு டப்பாவின் ஊரே சாட்சி. உலகச் சந்தைக்கு வரும் உலர் ஆப்ரிகாட்டில் பெரும்பங்கு துருக்கியின் மலாத்யாவிலிருந்து வருகிறது. அங்கே பெரும்பாலும் ஹாஜிஹலீலோலு என்ற ஒரே ரகம். 2025 ஏப்ரலில் உறைபனி விழுந்தபோது விளைச்சல் மொத்தமாக அடிபட்டது. எல்லா மரமும் ஒரே வாரத்தில் பூத்தால் ஒரே இரவில் கருகும். முன்னே பின்னே பூக்கும் பல ரகங்கள் இருந்தால் ஏதாவது ஒன்று தப்பும். லடாக்கிலும் பூப்பது ஏப்ரலில்தான், பனிக்கு அங்கே பஞ்சமில்லை.

நம்மால் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். மாம்பழம் வாங்கும்போது இமாம்பசந்தா, மல்கோவாவா என்று கேட்டு, கையில் எடுத்து முகர்ந்து, விலை பேசுகிறோம். ஆப்ரிகாட் மட்டும் வெறும் ஆப்ரிகாட். இணையத்தில் நான் வாங்கிய பாக்கெட்டில் 'லடாக்' என்று பெரிதாகப் போட்டிருந்தது, எந்த ரகம் என்று ஓர் எழுத்து இல்லை. கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன். பெயர் கேட்கிற வாடிக்கையாளர் பத்துப் பேர் சேர்ந்தால் விற்பவர் பெயரைப் போட்டுத்தான் ஆக வேண்டும். பெயருக்கு விலை வந்தால்தான் குச்சியை வெட்டி ஒட்டுகிற கைக்குக் கூலி வரும். ஹல்மன் வேண்டும் என்று கேளுங்கள். பழுப்பாக இருக்கிறதே என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

இந்த ஏப்ரலில் அமாலே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். பூத்துவிட்டதாம். தோட்டத்து ஓரக் கசப்பு மரத்தை வெட்டி, அதன் மேல் ரக்சே கார்ப்போ ஒட்டலாம் என்று மகன் நச்சரிக்கிறானாம். "எண்ணெய்க்கு எங்கே போவது?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மரம் இன்னும் நிற்கிறது.