கவரேஜ் 100 வந்தால் போதுமா?

மென்பொருள் சோதனை பற்றிய ஒரு கட்டுரை, கோட் கவரேஜ் (புரோகிராமைச் சோதிக்கும் டெஸ்டுகளை ஓட்டும்போது அதன் எத்தனை சதவீத வரிகள் ஓடின என்ற அளவு) 100 சதவீதம் தொட்டால் சோதனை முழுமை பெற்றுவிடும் என்கிறது. அதை ஏற்க முடியவில்லை. ஒரு வரி ஓடியதா என்பதைத்தான் கவரேஜ் காட்டும், சரியான விடை வந்ததா என்பதை அல்ல. விடையைச் சரிபார்க்கும் வரி (அசெர்ட்) ஒன்றுகூட இல்லாத டெஸ்டுகளாலும் 100 வரும்.

வயது 18 முதல் 60 வரை ஏற்கும் ஒரு படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு எல்லைகளையும் ஒரே நிபந்தனையில் சோதித்தால், 10, 30 என்று இரண்டு மதிப்பு கொடுத்தாலே எல்லா வரிகளும் ஓடிவிடும். ஆனால் '18 அல்லது அதற்கு மேல்' (>=) என்பதற்குப் பதில் '18-க்கு மேல்' (>) என்று புரோகிராமில் எழுதியிருந்தால், 18-ஐக் கொடுத்தால்தான் பிழை சிக்கும். 17, 18, 60, 61 நான்கும் கட்டாயம். வெற்று மதிப்பு, எதிர்மறை எண், எழுத்து ஆகியவையும் வேண்டும். பிறகு அந்த ஒப்பீட்டுக் குறியை வேண்டுமென்றே மாற்றிவிட்டு டெஸ்டுகளை ஓட்டுங்கள். அப்போதும் எல்லாம் பச்சையாக, அதாவது பாஸ் என்று, இருந்தால் அந்த எல்லையை எந்த டெஸ்டும் காக்கவில்லை.

கட்டுரை தொடாத ஒன்று: ஒருமுறை பாஸ், மறுமுறை ஃபெயில் ஆகும் டெஸ்டுகள். மறுபடி ஓட்டிப் பார்க்கும் பழக்கம் குழுவில் ஊறிவிட்டால் உண்மையான பிழையும் அதோடு தப்பிவிடும். பெரும்பாலும் காரணம், '2 விநாடி காத்திரு' என்று நிலையான நேரம் வைப்பது, அல்லது பல டெஸ்டுகள் ஒரே டேட்டாவைத் தொடுவது. நிலையான நேரத்துக்குப் பதில், எதிர்பார்க்கும் நிபந்தனை நிறைவேறும்வரை காத்திருக்கச் செய்யுங்கள், அந்தக் காத்திருப்புக்கு உச்ச நேர வரம்பு ஒன்றும் வையுங்கள். ஒவ்வொரு டெஸ்டும் தனக்கு வேண்டிய டேட்டாவைத் தானே உருவாக்கட்டும்.