ரீடெயில் (சில்லறை வணிக) எம்பிஏ வெறும் பில் போடும் படிப்பு இல்லை
"ரீடெயில் எம்பிஏ என்றால் கல்லாவில் உட்கார்ந்து பில் போடும் படிப்பு, அதுவும் பி.காம் முடித்தவர்களுக்கு மட்டும்தான்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. தமிழ்நாட்டில் எம்பிஏ சேர்வதற்கான நுழைவுத் தேர்வான டான்செட் எழுத எந்த மூன்றாண்டுப் பட்டமும் போதும். 50 சதவீத மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. மன்னார்குடியில் வரலாறு முடித்த ஒரு பிள்ளை அந்த அண்ணன் சொன்னதை நம்பி ஒதுங்கிவிடக் கூடாது.

அப்புறம் பாடம். சரக்குச் சுழற்சி என்று ஒன்று உண்டு, கடைச் சரக்கு வருடத்தில் எத்தனை முறை விற்றுத் தீர்கிறது என்ற கணக்கு. கடையில் சராசரியாக 10 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருக்கிறது, வருடத்தில் விற்றதன் கொள்முதல் விலை 40 லட்சம் என்றால் சுழற்சி 4. அதாவது சரக்கு மூன்று மாதம் அலமாரியில் தூங்குகிறது. குறுவைப் பணம் புரளும் ஐப்பசிக்கும் சம்பா அறுக்கும் தைக்கும் எவ்வளவு புடவை இறக்கலாம் என்பதை இப்படிக் கணக்குப் போட்டு முடிவெடுக்கத்தான் அங்கே சொல்லித் தருகிறார்கள்.