மூங்கில் ஆண்டுக்காண்டு பருப்பதில்லை

“மூங்கில் மரம் ஆண்டுதோறும் பருக்கும், 20 ஆண்டு விட்டு வெட்டினால்தான் தூணுக்கு ஆகும்” என்று சொல்லப்படுவது சரியன்று. மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது. மரத்தைப் போல் தண்டைப் பருக்கச் செய்யும் வளர்திசு அதற்கு இல்லாததால், குருத்து எந்தப் பருமனில் மண்ணைப் பிளந்து வெளிவருகிறதோ, ஏறக்குறைய அதே பருமனில் சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடுகிறது. அதன்பின் நடப்பது முற்றுதல் மட்டுமே. கழியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், நார்க்கற்றைகள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாகவும் உட்புறம் இடைவிட்டும் கரும்புள்ளிகளாகத் தெரியும் (புறத்தே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உடையதைத் தொல்காப்பியம் புல் என்றது பொருத்தந்தான்). ஏணிக்கும் சாரத்துக்கும் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுக் கழியே ஏற்றது. இளங்கழி உலரும்போது சுருங்கும், நெடுங்காலம் விட்ட கழியோ புதரிலேயே உளுத்துப்போகும்.