1930-க்கு முன்பே சாம்பியன்கள் இருந்தார்கள்

“1930 உலகக் கோப்பைதான் நாடுகளுக்கிடையே நடந்த முதல் கால்பந்துத் தொடர்” என்று சொல்வது தவறு. அது முதல் உலகக் கோப்பை, அவ்வளவுதான்.

1883-84 சீசனிலேயே இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் ஆளுக்கு மூன்று ஆட்டம் வீதம் மோதின. வென்றால் 2 புள்ளி, டிரா என்றால் 1. முதல் பட்டம் ஸ்காட்லாந்துக்கு. புள்ளிகள் சமமானால் கோல் கணக்குப் பார்க்காமல் பட்டத்தையே பங்கு போட்டார்கள். 1886-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அப்படித்தான் பகிர்ந்துகொண்டன.

தென் அமெரிக்காவின் தொடர் 1916 ஜூலையில் புவெனஸ் ஐரிஸில் தொடங்கியது. அதிலும் நான்கே அணிகள், இறுதிப்போட்டி என்று தனியாக எதுவும் கிடையாது. கடைசி ஆட்டத்துக்கு வரும்போது உருகுவேக்கு 4 புள்ளி, அர்ஜென்டினாவுக்கு 3. உருகுவேக்கு டிரா போதும் என்ற நிலை. ஜூலை 16-ல் மைதானம் கொள்ளாத கூட்டம். ஆட்டம் நின்றது, மரக் கேலரிகள் எரிந்தன. மறுநாள் பக்கத்து ஊரான அவெல்லனெடாவில் திரும்ப ஆடியபோது 0-0. பட்டம் உருகுவேக்கு!

ஒலிம்பிக்கைச் சேர்ப்பதானால் 1908-லிருந்து எண்ணுங்கள். 1900, 1904-ல் ஆடியவை கிளப் அணிகள்தான், தேசிய அணிகள் அல்ல. உருகுவே ஜெர்சியில் நான்கு நட்சத்திரங்கள் ஏன் என்றால்: இரண்டு உலகக் கோப்பைகளோடு 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்களையும் அவர்கள் உலகப் பட்டமாகவே எண்ணுகிறார்கள்.